ஓடிபிக்காக ஓடியவன்

பட்டதாரி ஆகிவிடுவது என்று முடிவு செய்தேன். என் மனைவிக்குத் தெரியாமல்.

முதல் பாதியை ஊரில் பலர் செய்திருக்கிறார்கள். இரண்டாம் பாதியைச் செய்தவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

நான் லாரி எடைமேடையில் சீட்டு எழுதி ஓய்வு பெற்றவன். வெறும் லாரிக்கு ஓர் எடை, சரக்கு ஏற்றிய லாரிக்கு ஓர் எடை. கழித்தால் சரக்கு. ஒரு கிலோ பிசகாது. படிப்பு எட்டாவது. மனைவி பத்தாவது. கழித்தால் இரண்டு வகுப்பு. கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சரக்கைத்தான் நான் சுமக்கிறேன். இறக்கி வைக்க இடம் கிடைக்கவில்லை.

பேத்தியைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது சரக்கு தாங்க முடியாமல் போயிற்று. அலுவலகத்தில் ஒருவர், "தாத்தா படிப்பு?" என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"எட்டுன்னு போடுங்க. அதுக்கு மேல அவருக்கு எட்டலை."

அலுவலகம் சிரித்தது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பேத்தியும் சிரித்தாள்.

வீட்டிலிருந்தபடியே கணினியில் படிக்கும் கல்லூரி ஒன்று இருப்பதை அந்த வாரமே கண்டுபிடித்தேன். வயதானவர்கள் பள்ளிப் படிப்பை முடிக்காவிட்டாலும் ஒரு தகுதித் தேர்வு எழுதி முதலாம் ஆண்டில் சேரலாம். ஒரே ஒரு வாய்ப்பு. அதுவும் இந்த ஆண்டோடு சரி. அடுத்த ஆண்டிலிருந்து அந்தக் கதவை மூடிவிடுகிறார்கள்.

விண்ணப்பத்தில் போன் எண் கேட்டார்கள். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண்ணைக் கொடுத்தேன்.

சமையலறையில் 'டிங்' என்றது.

அது மனைவியின் எண். என் எண் எனக்கு எப்படித் தெரியும்? என்னை நானே எதற்குக் கூப்பிடப் போகிறேன்? என் போன் சமையலறை மேடையில் எப்போதும் சார்ஜில் கிடக்கும். என்னைக் கூப்பிடும் ஒரே ஆள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள்.

"என்னங்க!"

"இதோ வந்துட்டேன்."

"என் போன்ல என்னமோ ஓடிபியாம், நம்பர் வந்திருக்கு. யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு போட்டிருக்கு."

"நான் யாரோவா?"

"அப்ப படிக்கவா?"

"படி."

"எதுக்கு?"

"சும்மாதான். நம்பர் எப்படி இருக்குன்னு பாக்கலாம்."

"நம்பர் நம்பர் மாதிரிதான் இருக்கு," என்று சொல்லிப் படித்தாள். நான் ஓடிவந்து கணினியில் போட்டேன். செய்தி ஆங்கிலத்தில் இருந்தது. அவளுக்கு எங்கே புரியப் போகிறது என்று எடை போட்டுக்கொண்டேன்.

ஒருமுறையோடு விட்டதா? தேர்வுக்கான பயிற்சி வகுப்புக்குள் நுழையும்போதெல்லாம் ஒரு புது எண் கேட்டார்கள். மணி பார்க்க வேண்டும் என்று அவள் போனை வாங்கினேன். சுவரில் கடிகாரம் இருந்தது. டார்ச் வேண்டும் என்று வாங்கினேன். நடுப்பகல். மழை வருமா என்று பார்க்க வாங்கினேன்.

"ஜன்னலைத் திறந்தா தெரியும்," என்றாள்.

"ஜன்னல் இன்னிக்கு மழையைத்தான் காட்டும். போன் நாளை மழையையும் காட்டும்."

சில நாள் நான் எதுவும் கேட்காதபோதும் சமையலறையில் 'டிங்' என்றது. அவள் அக்காவாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கல்லூரிக்கு உதவி மையம் உண்டு. எனக்குக் கூச்ச சுபாவம். போனில் பேச வராது. தட்டச்சில் எழுதிக் கேட்டேன்.

'என் எண்ணை மாற்ற வேண்டும்.'

'மிகவும் எளிது ஐயா. பழைய எண்ணுக்கு ஓர் ஓடிபி அனுப்பியிருக்கிறோம். சொல்லுங்கள்.'

'பழைய எண் என் கையில் இல்லை. அதனால்தான் மாற்றக் கேட்கிறேன்.'

'புரிகிறது ஐயா. அதை மாற்றத்தான் பழைய எண்ணுக்கு ஓர் ஓடிபி அனுப்பியிருக்கிறோம்.'

டிங். "என்னங்க!"

அத்தோடு அந்த முயற்சியைக் கைவிட்டேன்.

தேர்வுக்கு கேமரா வேண்டும் என்றார்கள். மேல்வீட்டில் குடியிருக்கும் எலக்ட்ரீஷியனை அழைத்து வந்தேன். மனைவி கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து கணினியின் தலையில் கேமராவை மாட்டினார்.

"வீட்டம்மாவுக்குத் தெரியக் கூடாது தம்பி."

"என் வாய் ஃபியூஸ் போன பல்ப் சார். எந்த சுவிட்சைப் போட்டாலும் எரியாது."

நல்ல மனிதர்.

பிறகு மாதிரித் தேர்வு வந்தது. நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்தால் கேமரா பார்த்துவிடும், தேர்வு பூட்டிக்கொள்ளும். மூன்றாவது கேள்வியில் இருந்தேன்.

"என்னங்க!"

"இதோ வந்துட்டேன்" என்றது வாய். அது பரவாயில்லை. கால்களும் எழுந்துவிட்டன. திரை சிவப்பானது.

அடுத்த நாள் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். அவள் குரல் பஞ்சை மதிக்கவில்லை. மறுபடியும் சிவப்பு. உதவி மையத்துக்கு எழுதினேன்.

'ஏன் எழுந்தீர்கள் ஐயா?'

'மனைவி கூப்பிட்டாள்.'

சற்று நேரம் மூன்று புள்ளிகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. பிறகு பதில் வந்தது.

'எனக்கும் திருமணமாகிவிட்டது ஐயா. கணினிக்கு ஆகவில்லை. உண்மைத் தேர்வில் பூட்டிக்கொண்டால் எங்களாலும் திறக்க முடியாது. அன்று வீட்டில் யாரும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.'

அன்று மாலையே திட்டத்தைத் தொடங்கினேன்.

"உங்க அக்காவைப் பார்த்து ரொம்ப நாளாச்சே?"

"போன வாரம்தானே பார்த்தேன்."

"இளைச்சுப் போயிருப்பாங்க."

"ஒரு வாரத்திலயா? எங்க அக்காவா?"

"இருந்தாலும் கூடப்பிறந்த பாசம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"எப்ப போகணும் அந்தப் பாசத்துக்கு?"

"சனிக்கிழமை காலைல போய்ட்டு, மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தாப் போதும்."

"சரி, போறேன்," என்றாள்.

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி என்று சொன்னதில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கதவைச் சாத்தினேன். கணினி முன் உட்கார்ந்து நாற்காலியைச் சரிசெய்து, கண்ணாடியைத் துடைத்து, பெயரைத் தட்டினேன்.

'உங்கள் போனுக்கு ஓர் ஓடிபி அனுப்பியிருக்கிறோம்.'

காத்திருந்தேன். டிங் வரவில்லை. சமையலறையை எட்டிப் பார்த்தேன். என் போன் மட்டும் கிடந்தது.

மனைவியை அனுப்பிவைத்தவன் ஓடிபியையும் சேர்த்து அனுப்பிவிட்டேன்.

பத்து மணி தாண்டினால் கல்லூரி உள்ளே விடாது. திரையின் மூலையில் நேரம் கரைந்துகொண்டிருந்தது. பட்டம், பேத்தி, எட்டாவது எல்லாம் சேர்ந்து கரைந்தன. என் போனை எடுத்து அவளைக் கூப்பிட்டேன். ஒரே மணியில் எடுத்தாள்.

"ஏம்மா, அக்கா சௌக்கியமா? உன் போன்ல ஏதாவது..."

"நாலு, ஒன்பது, ரெண்டு, ரெண்டு, ஏழு, ஆறு. போட்டீங்களா?"

"போட்டேன்."

"திறந்துச்சா?"

"திறந்துருச்சு!"

"சரி. இப்ப உங்க போனைப் பாருங்க. அதுல ஒரு நம்பர் வந்திருக்கும். படிங்க."

"என் போன்லயா? எதுக்கும்மா?"

"நேரமாகுதுங்க, படிங்க!"

பார்த்தேன். ஓர் எண் இருந்தது. படித்தேன். இரண்டு பக்கமும் சரிபார்ப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எடைமேடையிலும் அப்படித்தானே, வெறும் வண்டிக்கு ஒன்று, சரக்கோடு ஒன்று.

"போனை அணைச்சு அடுத்த ரூம்ல வைங்க. மேஜை மேல இருந்தா பூட்டிக்கும். தண்ணி குடிச்சிட்டு உட்காருங்க."

"அதெல்லாம் உனக்கு எப்படி..."

வைத்துவிட்டாள்.

தேர்வை எழுதினேன். பாதியில் எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது. "என்னங்க!"

அந்த அம்மா தன் கணவரைக் கூப்பிடுகிறார். தெரியும். கால்களுக்குத் தெரியவில்லை. நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டேன். உடம்பு ஒரு விரற்கடை மேலே போய், நின்று, கீழே இறங்கியது. திரை சிவக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் எழுந்து போயிருப்பார். நான் எழுந்திருக்கவில்லை. என் வாழ்க்கையிலேயே பெரிய வீரச் செயல் அதுதான்.

மத்தியானம் மனைவி வந்தாள். செருப்புச் சத்தம் மாடியிலிருந்து கீழே இறங்கி வந்தது. இருந்த சந்தோஷத்தில் அதை நான் எடை போடவில்லை.

முடிவு வரும் நாளன்று செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். சமையலறையில் டிங்.

"என்னங்க!"

"இதோ வந்துட்டேன்."

"பாஸ். அறுபத்தி மூணு."

அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டேன். "உனக்கு... எப்பலேர்ந்து தெரியும்?"

"முதல் டிங்லேர்ந்து. 'டியர் ஸ்டூடண்ட்'னுதான் ஆரம்பிக்குது. பத்தாவது படிச்சவளுக்கு அது கூடவா புரியாது?"

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு போட்டிருந்துச்சே."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்குப் பேத்தி முன்னாடி நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்க," என்றாள். அந்த நிமிடத்தில் சரக்கு முழுவதும் இறங்கிவிட்டது. வெறும் வண்டியாக நின்றேன்.

அப்போது மேடையில் கிடந்த என் போன் 'டிங்' என்றது.

"அது யாருக்கு?"

"எனக்கு," என்று எடுத்தாள்.

"என் போன்லயா?"

"நானும் விண்ணப்பம் போட்டேன். எனக்கு மட்டும் என்ன, உங்க நம்பர் ஒண்ணுதானே மனப்பாடம்."

"அப்ப சனிக்கிழமை? அக்கா வீடு?"

"மேல்வீட்டு எலக்ட்ரீஷியன் கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து எழுதினேன். நான் வீட்டுல இருந்தா நீங்க எழுந்திருச்சிருவீங்களே."

"அந்த எலக்ட்ரீஷியன் என்கிட்ட வாயே திறக்கலையே!"

"உங்களைப் பத்தி என்கிட்டயும் திறக்கலை. ஃபியூஸ் போன பல்பாம்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு செய்தியைப் படித்தாள். "எண்பத்தி ஏழு."

கழித்துப் பார்க்கவில்லை. பழக்கத்தை அடக்கிக்கொண்டேன். கணக்கு வேறு விதத்தில் எனக்குச் சாதகம். இனி இருவரும் முதலாம் ஆண்டு. ஒரே வகுப்பு. ஊரறியச் சொல்லலாம், பேத்தியறியச் சொல்லலாம்.

"இனிமே உனக்கும் எனக்கும் வித்தியாசமே இல்லை!" என்று நெஞ்சை நிமிர்த்தி, அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

என் போன் மறுபடியும் 'டிங்' என்றது. படித்தாள். புடவையைச் சரிசெய்துகொண்டாள். அதிக மதிப்பெண் எடுத்தவரை வகுப்புத் தலைவியாக்கியிருக்கிறார்களாம்.

"என்னங்க!" என்றாள்.

பக்கத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவன், "இதோ வந்துட்டேன்" என்று எழுந்து நின்றேன்.

"உட்காருங்க. வருகைப் பதிவு எடுக்கிறேன்."