பாதுகாக்கப்பட்ட கடைவாய்ப் பல்

மனிதனுடைய வாயில் எழுநூறு வகைப் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். எழுநூற்று ஒன்றாவது வகை, சிங்கப்பூரில் தேக்கா சந்தையின் மாடியில் ரவிக்கை தைக்கும் மருதப்பன் வாயில் இருந்தது. அதில் அவர் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் தப்பு யாருடையது என்று எந்த அலுவலகமும் கேட்பதில்லை. கோப்பில் யார் பெயர் இருக்கிறது என்றுதான் கேட்கும்.

என் பெயர் ஹனீபா. அவருக்குப் பக்கத்துக் கடையில் பொத்தான், ஜிப், நூல் விற்கிறேன். இருபத்தாறு வருஷமாக அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அளவு பிடிக்கும்போது ஏழெட்டுக் குண்டூசியைப் பல்லிடுக்கில் கவ்விக்கொண்டுதான் பேசுவார். அவர் பேசுவதில் பாதி யாருக்கும் புரியாது. பெண்கள் மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவார்கள். இந்த வட்டாரத்தில் ரவிக்கைக் கழுத்து ஒரு அங்குலம் இறங்கியே இருப்பதற்கு அதுதான் காரணம். நாகரிகம் என்று நினைக்க வேண்டாம்.

போன மார்ச்சில் அவருக்கு இடது கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலி. அதே வாரம் கீழ்த்தளத்தில் ‘இலவச வாய்நல முகாம்’ என்று பலகை வைத்திருந்தார்கள். பல்லைக் காட்டலாம் என்று இறங்கிப் போனார். அங்கே பல்லை யாரும் பார்க்கவில்லை. நுண்ணுயிர் ஆய்வுக்கூடம் ஒன்றைச் சேர்ந்த டாக்டர் லீலா ஒரு பஞ்சுக் குச்சியால் ஈறைத் தேய்த்து எடுத்துக்கொண்டு, ஒரு பற்பசை கொடுத்து அனுப்பிவிட்டார்.

மூன்று வாரம் கழித்து லீலாவே கடைக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. மரபணுவைப் படித்துப் பார்த்தார்களாம். உலகத்தில் இதுவரை யாரும் பதிவு செய்யாத புது இனமாம். இத்தனை வருஷம் கவ்விய குண்டூசியின் இரும்பையும், நாளைக்கு ஆறு முறை குடிக்கும் கோப்பியையும் தின்று அந்தப் பல்லின் அடியில் வளர்ந்திருக்க வேண்டும் என்றார். பெயரும் வைத்தாயிற்று: ‘தேக்காபாக்டர் மருதப்பனி’. மருதப்பன் புக்கிட் பாத்தோக் வீட்டில் இருந்த மனைவி ரஞ்சிதத்துக்குப் போன் போட்டுச் சொன்னார். மாடி முழுக்க லட்டு கொடுத்தோம். கூட்டம் கலைந்த பிறகு அவர் மெதுவாகக் கேட்டார், “சரி டாக்டர், அந்தப் பல்லு ரொம்ப வலிக்குது. எடுத்துடலாமா?”

லீலாவின் சிரிப்பு நின்றுவிட்டது. புது இனத்துக்குப் பெயர் நிலைக்க வேண்டுமானால், அதை எங்காவது உயிரோடு சேமித்து வைத்திருக்க வேண்டுமாம். அதுவோ ஆய்வுக்கூடத் தட்டில் வளர மறுக்கிறது. இப்போதைக்கு அதன் ஒரே சேமிப்பகம் மருதப்பனுடைய பல்தான் என்றார்.

அடுத்த திங்கட்கிழமை தேசிய நுண்ணுயிர்ப் பாரம்பரிய வாரியத்திலிருந்து பிரபாகர் என்பவர் வந்தார். துணை உதவி இயக்குநர், வாழிடங்கள் பிரிவு. நல்ல பிள்ளை, பேச்சுக்குப் பேச்சு அங்கிள் என்பான். அவன் கொடுத்த கடிதம் பின்வருமாறு இருந்தது: ‘தங்கள் வாயின் இடது கீழ்ப்பகுதி இன்று முதல் பாதுகாக்கப்பட்ட வாழிடமாக அறிவிக்கப்படுகிறது. தாங்கள் அதன் தற்காலிகப் பராமரிப்பாளராக நியமிக்கப்படுவதில் வாரியம் பெருமிதம் கொள்கிறது.’

பராமரிப்பாளர் அந்தப் பக்கம் பல் துலக்கக் கூடாது. வாய் கொப்பளிக்கக் கூடாது. வாழிடத்தின் இயற்கைச் சூழல் கெடாமலிருக்க, நாளொன்றுக்கு நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் குண்டூசி கவ்வ வேண்டும். பாலம் தாண்டி மலேசியாவில் இருக்கும் ஜொகூர் பாருவுக்குப் போவதானால்கூட உயிரின ஏற்றுமதி அனுமதி வாங்க வேண்டும். பாலத்துக்கு அந்தப் பக்கம் நடந்த சொந்தத் தங்கை மகள் கல்யாணத்துக்கு அவர் போகவில்லை. ரஞ்சிதம் மட்டும் போய் வந்தார்.

இதில் ஒரு சிக்கல். வாயில் குண்டூசி வைப்பது ஆபத்து என்று வேலையிடப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் போன வருஷமே அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருந்தார். இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்தார் மருதப்பன். இரண்டு அலுவலகமும் ஐந்து முறை கூடிப் பேசி ஒரு கூட்டுச் சுற்றறிக்கை விட்டன. குண்டூசியைக் கவ்வலாம். ஆனால் பாதுகாப்புக் கண்ணாடியும் தலைக்கவசமும் அணிந்துதான் கவ்வ வேண்டும். அன்றிலிருந்து அவர் கப்பல் பட்டறைக்குப் போகிறவர் மாதிரி உட்கார்ந்து ரவிக்கை தைத்தார்.

ஊர் சும்மா இருக்குமா? இணையத்தில் உடம்புநலம் பேசும் கவிப்ரியா என்ற பெண் அவரைப் படமெடுத்துப் போட்டாள். நம் முன்னோர் எல்லோர் வாயிலும் இரும்பு இருந்ததாம். அதனால்தான் அவர்களுக்குக் கோபமே வராதாம். பிறகு படித்த பெண்கள் குண்டூசி ஊறிய தண்ணீரைக் கண்ணாடிப் போத்தலில் கொண்டு திரிந்தார்கள். என்னிடம் வந்து, “அண்ணே, ஆர்கானிக் குண்டூசி இருக்கா?” என்று கேட்டார்கள். இருக்கிறது என்று சொல்லிப் பழைய டப்பாவிலிருந்தே எடுத்துக் கொடுத்தேன். நானும் பிழைக்க வேண்டாமா?

இதற்குள் மருதப்பன் கன்னம் பன் போல வீங்கிவிட்டது. மூன்று வேளையும் கஞ்சி. பல் மருத்துவர் யும்னா பார்த்துவிட்டு, சீழ் கட்டியிருக்கிறது, விட்டால் தாடைக்கு இறங்கும், உடனே எடுத்தாக வேண்டும் என்றார். எடுங்கள் என்று வாயைத் திறந்தார் இவர். வாரியத்தின் அனுமதி இல்லாமல் தொட்டால் என் உரிமம் போய்விடும் என்று யும்னா கையுறையைக் கழற்றிவிட்டார். அவர் கண்ணிலும் வருத்தம் இருந்தது. வருத்தப்பட அனுமதி தேவையில்லை போலிருக்கிறது.

ரஞ்சிதமும் நானும் அவரைக் கூட்டிக்கொண்டு வாரியத்துக்குப் போனோம். பிரபாகர் ஒரு படிவத்தை எடுத்தான். வாரியம் புதிது என்பதால், பாரம்பரிய மரங்களுக்கு உரிய படிவத்தையே பயன்படுத்துகிறார்கள். வேரின் ஆழம் என்ன, சாய்ந்தால் எந்தப் பக்கம் சாயும், நடைபாதைக்கு இடைஞ்சல் உண்டா என்றெல்லாம் கேட்டுப் பொறுமையாக எழுதினான். அகற்றும் காரணம் என்ற இடத்தில் வந்து நின்றான்.

“சாலை விரிவாக்கம், வடிகால், எம்ஆர்டி ரயில். இந்த மூணுல எது அங்கிள்?”

“வலி,” என்றார் மருதப்பன்.

“வலி லிஸ்ட்ல இல்ல லா. மரத்துக்கு வலிக்காதுல்ல.”

“எனக்கு வலிக்குதே தம்பி.”

“உங்க மேல எனக்கு ரொம்ப அனுதாபம் அங்கிள். ஆனா நீங்க பராமரிப்பாளர்தான். பராமரிப்பாளரோட வலி வேற டிபார்ட்மென்ட்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் படிவத்தைக் கிழித்திருப்பேன். ரஞ்சிதம் என் கையைத் தட்டிவிட்டு நிதானமாகக் கேட்டார், “இந்தப் பூச்சி வேற யார் வாயிலயாச்சும் இருந்தா, இவரை விட்ருவீங்களா?”

பிரபாகர் விதிகளைப் புரட்டினான். இனம் வேறிடத்திலும் வாழ்வது நிரூபிக்கப்பட்டால், தனி வாழிடம் என்ற தகுதி நீங்கும். விதி அப்படித்தான் சொன்னது.

“அப்போ என் வாயைப் பாருங்க. முப்பது வருஷமா ஒரே தட்டுல சாப்பிடறோம்,” என்றார் ரஞ்சிதம்.

லீலாவின் ஆட்கள் பஞ்சுக் குச்சியோடு வந்தார்கள். ரஞ்சிதம் வாயில் இருந்தது. என் வாயில் இருந்தது. மீன்காரர் அன்வர் வாயில் இருந்தது. குண்டூசியைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஒரு கைக்குழந்தை வாயில் இருந்தது. சோதனை சரியா என்று பார்க்க லீலா தன் வாயைத் தேய்த்தார்; இருந்தது. பிரபாகர் வாயிலும் இருந்தது. ஆதிகாலம் தொட்டு எல்லோரிடமும் இருந்திருக்கிறது. இதுவரை யாரும் ஒழுங்காகத் தேடவில்லை, அவ்வளவுதான்.

மருதப்பன் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு அழுதார். சந்தோஷத்தில் அழுகிறாரா, வலியிலா என்று தெரியவில்லை. நாளைக் காலையே யும்னாவிடம் போகலாம் என்று கிளம்பினோம்.

மறுநாள் காலை எல்லோருடைய கைப்பேசிக்கும் அறிவிப்பு வந்தது. அரிய இனம் ஒன்று நாட்டு மக்கள் அனைவருடைய வாயிலும் வாழ்வது தெரியவந்திருப்பதால், அனைவருடைய வாயும் பாதுகாக்கப்பட்ட வாழிடமாக அறிவிக்கப்படுகிறது. இனிப் பல் பிடுங்க விரும்புவோர் முன்கூட்டியே பதிந்து வரிசை எண் பெற வேண்டும். தனி வாழிடத்தின் பேரில் முன்னர் கொடுக்கப்பட்ட மனுக்கள் காலாவதியாகின்றன.

மருதப்பன் வாரியத்துக்கு ஓடினார். என் பல்லை நான் பிடுங்க உங்களிடம் எதற்கு அனுமதி என்று முகப்பில் நின்று ஒரு மணி நேரம் கேட்டார். அந்த ஒரு மணி நேரத்தில் ஊரே பதிந்துகொண்டிருந்தது. எதற்கு என்று வேறு யாரும் கேட்கவில்லை. இன்னும் பல் முளைக்காத பிள்ளைக்கு இப்போதே பதிந்து வைக்கலாமா என்று ஒரு தாய் கேட்டாள். தாராளமாக வைக்கலாம் என்றான் பிரபாகர்.

கடைசியில் வேறு வழியில்லாமல் அவரும் பதிந்தார். மாலையில் வீங்கிய கன்னத்தோடு என் கடைக்கு வந்து கைப்பேசியைக் காட்டினார். வரிசை எண் நாற்பத்தோராயிரத்து அறுநூற்று இரண்டு.

“உங்களுக்கு எத்தனை பாய்?” என்று கேட்டார்.

பதினேழு என்றேன். அறிவிப்பு வந்த நிமிஷமே பதிந்துவிட்டேன். என் வாயில் சொந்தப் பல் ஒன்றுகூடக் கிடையாது, மேலும் கீழும் கட்டிய பல். இருந்தாலும் எல்லோரும் பதியும்போது நான் மட்டும் விட்டுவிட முடியுமா?