மின்னல் ஆமையின் கடைசி இதழ்

ஒரு காட்டில் சிங்கம் ராஜாவாக இருந்தது என்று ஆரம்பித்தால் உங்களுக்குச் சௌகரியமாக இருக்கும். எனக்கும்தான். ஆனால் நான் சொல்லப்போகும் காட்டில் சிங்கமே கிடையாது. மேற்கு மலை அடிவாரத்தில் சிங்கத்துக்கு நான் எங்கே போவேன்? அங்கே இருந்தது ஒரு சிறுத்தை, ஒரு குளம், குளத்தில் ஓர் ஆமை, அப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் வரும் காமிக்ஸ் கட்டு. கதைக்கு இது போதும்.

கட்டு காலைப் பேருந்தில் வரும். கண்டக்டர் வளைவில் வண்டியை நிறுத்தாமலே அதை எறிந்துவிட்டுப் போவார். கடைக்காரக் கருமந்தி கிளையில் தொங்கியபடி பிடித்துக்கொள்ளும். அதற்குள் கடை வாசலில் வரிசை நீண்டிருக்கும். காட்டெருமை மட்டும் வரிசையில் நிற்காது. "நான் வாங்க வரலை, ஒரு சந்தேகம் கேக்கணும், அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டே முன்னால் போய், நாலு புத்தகம் வாங்கிக்கொண்டு வரும். எந்தக் காட்டிலும் இப்படி ஒன்று இருக்கிறது, அதற்கு மருந்து கிடையாது.

எல்லாம் சூப்பர்ஹீரோ காமிக்ஸ்தான். எதை வாங்கலாம், எதை விடலாம் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டுமே, அந்த ஆள் கொம்பையா. கொம்பையா ஒரு சருகுமான். முயலளவு உடம்பு, மான் சாதி, தலையில் கொம்பு கிடையாது. பெயரிலாவது இருக்கட்டுமே என்று பெற்றவர்கள் வைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் வந்த புத்தகம் அத்தனையும் படித்துவிட்டு, சாயங்காலம் பாறை மேல் ஏறி, இந்த வாரம் தனக்குப் பிடித்தவற்றைச் சொல்லும். காடே கூடிக் கேட்கும்.

"எஃகு எருமை. இந்த வாரமும் முட்டுது. போன வாரம் சுவத்துல, இந்த வாரம் கப்பல்ல. முட்டுனது சுத்தமா இருக்கு. மூணாவது இடம்."

"கண்ணுக்குத் தெரியாத கழுதைப்புலி. இந்த வாரமும் தெரியலை. படம் வரையுதவருக்கு நல்ல ஓய்வு. ஆனா வசனம் அருமை. ரெண்டாவது இடம்."

கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும். முதல் இடம் எதற்கென்று தெரியும், இருந்தாலும் அடக்கிக்கொண்டிருக்கும்.

"மின்னல் ஆமை."

உடனே ஒரே விசில்.

மின்னல் ஆமை என்கிற சூப்பர்ஹீரோவுக்கு ஒரே ஒரு சக்திதான். எதிரி நெருங்கும்போது தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்வார். பளீரென்று மின்னல் வெட்டும். அடுத்த கட்டத்தில் மூன்று ஊர் தள்ளி நின்று தலையை வெளியே நீட்டுவார். இதைத்தான் வாரா வாரம் செய்தார். வாரா வாரம் கொம்பையாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ரசிகன் என்றால் அப்படித்தான், நாம் என்ன சொல்ல முடியும்?

கொம்பையா நேர்மையான ஆள். பிடிக்காததைப் பிடித்தது என்று சொன்னதே இல்லை. முடிவை முன்கூட்டிப் போட்டு உடைத்ததும் இல்லை. புத்தகத்தைத் தொடும் முறையையும் காட்டுக்கே கற்றுக்கொடுத்திருந்தது: காலைக் கழுவு, புல்லில் துடை, இரண்டு காலாலும் பிடி, புத்தகத்தின் முதுகை மடக்காதே, முதலில் மோந்து பார், அப்புறம் படி. பன்றிகள்கூடக் கழுவின. பன்றிகளைக் கழுவ வைத்தவனை நீங்கள் லேசாக நினைக்கக் கூடாது.

இந்தக் கூட்டத்தில் தள்ளி நின்று கேட்கும் ரசிகர் ஒருவர் உண்டு. சிறுத்தை உச்சிமாகாளி. அவர் வந்தால் கூட்டம் கொஞ்சம் விலகி உட்காரும், அவ்வளவுதான். கொம்பையா சிபாரிசு செய்யாத புத்தகத்தை அவர் நகத்தால்கூடத் தொடமாட்டார்.

ஒரு வாரம் மின்னல் ஆமை வசமாக மாட்டிக்கொண்டார். கடைசிப் பக்கத்தில் ஒரு ராட்சசப் புலி அவர் முதுகில் கால் வைத்து அமுக்குகிறது. மின்னல் ஆமை சிரிக்கிறார். ஏன் சிரிக்கிறார்? கீழே 'தொடரும்' என்று போட்டுவிட்டார்கள்.

மறுநாள் உச்சிமாகாளி தண்ணீர் குடிக்கக் குளத்துக்குப் போனார். கரையில் ஐயம்பெருமாள் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். ஐயம்பெருமாள் நிஜ ஆமை. வயசாளி. காமிக்ஸ் படித்தவரில்லை, பேப்பர்கூடப் படித்தவரில்லை. சிறுத்தை சட்டென்று முதுகில் கால் வைத்து அமுக்கியது. ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. கடிக்க வாயைத் திறந்த சிறுத்தைக்குத் திடீரென்று அந்தக் கடைசிப் பக்கம் ஞாபகம் வந்தது.

"இவன் உள்ள சிரிக்கானா என்னன்னு தெரியலையே" என்றது சிறுத்தை. "அவசரப்பட்டுக் கடிச்சு மின்னல் கின்னல் வெட்டிட்டா வாய் வெந்துபோகும். அடுத்த வாரம் என்ன ஆகுதுன்னு பாத்துட்டுக் கடிப்போம்."

வைத்த காலை எடுக்கவில்லை. மற்றக் காலால் கரையோரம் நண்டு பிடித்துத் தின்றுகொண்டு, அடுத்த வெள்ளிக்கிழமைக்காக உட்கார்ந்துவிட்டது.

சேதி பரவி, கொம்பையா ஓடி வந்து எதிர்க்கரையில் நின்றது. சிறுத்தை அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. கால் மட்டும் தூங்கவில்லை.

"ஏலே கொம்பையா" என்று ஓட்டுக்குள்ளிருந்து சன்னமாகக் குரல் வந்தது. "எந்த ஆமைலே அது? எனக்கு அவனை யாருன்னே தெரியாதுலே. அவன் செஞ்ச வேலைக்கு நான் மாட்டிக்கிட்டு முழிக்கேன்."

"பெரியப்பா, பயப்படாதீங்க. மின்னல் ஆமை எப்படியும் தப்பிச்சிருவாரு. தப்பிச்சிட்டாருன்னா அண்ணாச்சி பயந்து காலை எடுத்துருவாரு."

"தப்பிக்கலைன்னா?"

"அப்படி ஒரு கதையை எழுதமாட்டாங்க பெரியப்பா."

சொல்லிவிட்டு வந்ததே தவிர, கொம்பையாவுக்கு அந்த வாரம் முழுக்கப் புல் இறங்கவில்லை. தான் தூக்கிவைத்து ஆடிய புத்தகத்தால் ஒரு பெரியவர் உயிர் ஊசலாடுகிறது.

வெள்ளிக்கிழமை கட்டு வந்தது. மின்னல் ஆமை இந்தத் தடவை தடிமனாக இருந்தது. அட்டையில் 'கடைசி இதழ்' என்று போட்டிருந்தது. நடுவில் மடித்து வைத்த பெரிய படம் வேறு. கொம்பையா காலைக் கழுவி, துடைத்து, மோந்து பார்த்துப் படிக்க ஆரம்பித்தது. முடித்தபோது கண்ணீர் அதன் கண்ணை மறைத்தது.

நடந்தது இதுதான். மின்னல் ஆமைக்குச் சக்தியே கிடையாது. ஒவ்வொரு தடவையும் தற்செயலாக மின்னல் வெட்டியது. எதிரி கண்ணைக் கசக்கும் நேரத்தில் அவர் மெதுவாக நடந்தே மூன்று ஊர் போயிருக்கிறார். கண்ணைக் கசக்க எவ்வளவு நேரம் ஆகும், மூன்று ஊர் நடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று என்னிடம் கேட்காதீர்கள், காமிக்ஸில் அப்படித்தான். புலியிடம் அவர் சிரித்தது, இத்தனை நாள் ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லையே என்று. அன்றைக்கு வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. புலி கடித்தது. முற்றும்.

இப்படி ஓர் இதழ் கொம்பையாவின் ஆயுளில் வந்ததில்லை. இதைச் சிறுத்தை படித்தால் ஐயம்பெருமாளின் ஆயுள் அன்றோடு சரி. வழி ஒன்றுதான். 'இந்த வாரம் மின்னல் ஆமை வேண்டாம், குப்பை' என்று பாறை மேல் நின்று சொல்லிவிட்டால் போதும். சிறுத்தை தொடாது. சந்தேகத்திலேயே இன்னும் கொஞ்ச நாள் கடத்தலாம். ஒரு பொய். அதுவும் ஓர் உயிருக்காக.

கொம்பையா பாறை மேல் ஏறியது. காடு கூடியிருந்தது. குளம் கூப்பிடு தூரம்தான், சிறுத்தை இருந்த இடத்திலிருந்தே காதைத் தீட்டிக்கொண்டது.

"எஃகு எருமை மூணாவது. கழுதைப்புலி ரெண்டாவது" என்றது கொம்பையா. "மின்னல் ஆமை கடைசி இதழ்... வந்து..."

"வந்து?" என்றது காட்டெருமை.

"இந்த வாரம் வேண்..."

வார்த்தை பாதியில் நின்றது. அந்த நடுப்படம் கண்ணில் வந்தது. மேகமில்லாத வானம், அதன் கீழே சின்னதாக ஓர் ஆமை.

"இது மாதிரி ஒரு புஸ்தகம் வந்ததே இல்லை!" என்று அலறியது கொம்பையா. "முதல் இடம்! ரெண்டாவதும் மூணாவதும் இதுக்குத்தான்! எருமை, கழுதைப்புலி எல்லாம் ஓரமாப் போங்க!"

அடப்பாவி என்று நீங்கள் திட்டுவது எனக்குக் கேட்கிறது. ஓட்டுக்குள் ஐயம்பெருமாளும் அதையேதான் சொன்னார்.

கடையில் அத்தனை பிரதியும் கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. சிறுத்தையோ ஆமையை விட்டுவிட்டு வரிசைக்கு வர முடியாது. குளக்கரையிலிருந்து ஒரு கர்ஜனை.

"வே கொம்பையா! உம்ம புஸ்தகத்தைக் கொண்டாரும்!"

கொம்பையா கொண்டுபோனது. தன் சொந்தப் பிரதி, ஒரு மடிப்பு விழாத பிரதி. எட்டத்தில் புல் மேல் வைத்து மூக்கால் தள்ளிவிட்டுப் பின்வாங்கியது. சிறுத்தை ஒரு காலை நீட்டியது. ஒரு வாரமாக நண்டு உடைத்த கால். சேறும் நண்டுச் சாறும் சொட்டச் சொட்ட, அட்டைக்கு ஒரு விரற்கடை தூரத்தில் வந்துவிட்டது.

"அண்ணாச்சி!" என்று கொம்பையா கத்திய கத்தில் கொக்குகள் பறந்தன. "காலைக் கழுவுங்க! உங்களுக்கு அறிவு இருக்கா?"

காட்டில் சிறுத்தையைப் பார்த்து இப்படிக் கேட்டவர்கள் கிடையாது. ஆனால் சிறுத்தை வெட்கப்பட்டது. ரசிகன் அல்லவா?

"மன்னிக்கணும் வே, பதட்டத்துல மறந்துட்டேன்" என்று எழுந்து போய், இரண்டு முன்னங்காலையும் குளத்தில் விட்டு அலசியது. புல்லில் துடைத்தது. இரண்டாலும் பிடித்துத் தூக்கி, கண்ணை மூடி மோந்து பார்த்தது. பிறகு முதல் பக்கத்தைத் திறந்தது.

ஐயம்பெருமாள் தலையை நீட்டிப் பார்த்தார். முதுகில் ஒன்றும் இல்லை. நடக்க ஆரம்பித்தார்.

தண்ணீர் நாலு முழம் தள்ளித்தான் இருந்தது. நமக்கு ஓர் எட்டு, அவருக்கு அது ஒரு பிரயாணம். சிறுத்தை பக்கத்தைப் புரட்டியது, ஆமை ஒரு காலை வைத்தது. புத்தகத்துக்குள்ளும் ஓர் ஆமை மெதுவாக நடந்துகொண்டிருந்தது. நடுப்படம் வந்தபோது சிறுத்தை அதை அகல விரித்துப் பிடித்து, நெடுநேரம் பார்த்தது. அதற்குள் பாதித் தூரம். கடைசிப் பக்கத்தில் சிறுத்தை தேம்பித் தேம்பி அழுதது. அந்தச் சத்தத்தில் ஐயம்பெருமாள் தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்கவில்லை.

சிறுத்தை மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பியது. ஆமை இல்லை.

"போனா போறான்" என்றது. "இதைப் படிச்சிட்டு இன்னைக்கு எந்த ஆமையைத் தின்ன முடியும்?"

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லாருக்கும் நல்லது. கொம்பையா ஓடியிருக்கலாம். பின்னால் புதர் இருந்தது, சருகுமானுக்குப் புதர் போதும். ஆனால் இன்னொருத்தன் தனக்குப் பிடித்த புத்தகத்தை இப்போதுதான் படித்து முடித்திருக்கிறான். அந்த நேரத்தில் எந்த ரசிகனால் வீட்டுக்குப் போக முடியும்?

"எப்படி அண்ணாச்சி இருந்துச்சு?" என்றது கொம்பையா.

"நல்லாருக்கு வே. அழுதுட்டேன்."

"நான் சொல்லலை?"

"ஆனா ஒண்ணு. நடுவுல கொஞ்சம் இழுவை."

கொம்பையா ஓர் அடி முன்னால் வந்தது. "இழுவையா?"

"பின்ன? நடக்கான், நடக்கான், பக்கம் பக்கமா நடந்துக்கிட்டே இருக்கான். ரெண்டு பக்கத்துல முடிச்சிருக்கலாம்."

"அண்ணாச்சி, அந்த நடைதான் கதையே!" இன்னும் இரண்டு அடி. "மெதுவா நடந்தான்கிறதுதானே அவன் ரகசியம்? அதைக் கடகடன்னு காட்டுனா வெளங்குமா?"

"எனக்கு வெளங்கிரும். சண்டை வேற கம்மி."

"சண்டையா கேக்கீங்க?" கொம்பையாவுக்குத் தலைக்கேறிவிட்டது. "புஸ்தகத்தை இப்படிக் கொடுங்க. இந்தப் படத்தைப் பாருங்க. இந்த மூலையில, ஆமையோட நிழல் எவ்வளவு நீளமா..."

மூலையைக் காட்டப் பக்கத்தில்தானே போக வேண்டும்? போயிற்று. சிறுத்தை ஒரு வாரமாக நண்டைத் தவிர வேறொன்றும் தின்றிருக்கவில்லை. அந்த இதழைப் பற்றிய வாதம் அத்தோடு முடிந்தது. சிறுத்தை மறுபடியும் காலைக் கழுவிவிட்டுப் புத்தகத்தை எடுத்து, கறை படாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டுப் போனது.

அடுத்த வெள்ளிக்கிழமை பழக்க தோஷத்தில் எல்லாரும் பாறையடியில் கூடினார்கள். மேலே ஏற ஆள் இல்லை. அப்போது பாறையின் மறுபக்கத்திலிருந்து ஐயம்பெருமாளின் தலை எட்டிப் பார்த்தது. காலையிலேயே ஏற ஆரம்பித்தவர், சாயங்காலம் உச்சியில் நின்றார். கொம்பையாவின் பிரதி அவர் ஓட்டின் மேல் இருந்தது.

"கொம்பையா தங்கமான பிள்ளை" என்றார். "இந்தப் புஸ்தகத்தை அவன் அந்தக் கரைக்குக் கொண்டு வரலைன்னா இன்னைக்கு நான் இல்லை. அவனை நெனைச்சாலே நெஞ்சு அடைக்கு. அவனுக்காகத்தான், எழுத்துக் கூட்டிக் கூட்டி, ஒரு வாரமா இதைப் படிச்சேன்."

பன்றிகள் விம்மின. காட்டெருமைகூட வரிசையில் நின்று அழுதது.

"எப்படி இருந்துச்சு பெரியவரே?" என்று கருமந்தி கேட்டது.

ஐயம்பெருமாள் கொஞ்சம் யோசித்தார்.

"சுமார்தான்" என்றார். "நடுவுல கொஞ்சம் இழுவை."

தள்ளி உட்கார்ந்திருந்த சிறுத்தை துள்ளி எழுந்தது. "இதைத்தானே வே நானும் சொன்னேன்!"

நீதி: உயிர் பிழைக்க வேண்டுமானால் புத்தகம் படிப்பவன் காலடியில் மாட்டிக்கொள். உயிர் போக வேண்டுமானால் படித்து முடித்தவனிடம் "எப்படி இருந்தது?" என்று கேள்.