ஆற்றில் நீர் சேர்த்த குற்றம்

நெடுவள நாட்டின் தலைநகரம் ஒரு பேராற்றின் கரையில் இருந்தது. தேர்தலில் வென்று ஆண்டுவந்த மன்னருக்கு அந்த ஆற்றின் மேல் அவ்வளவு பெருமை. அதன் உருவத்தையே கொடியில் பொறித்திருந்தார். மலையிலிருந்து எத்தனையோ ஓடைகள் வந்து அதில் சேர்வதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வோர் ஓடைக்கும் ஒரு பெயர், ஒரு சுவை, அதன் கரையில் ஒரு தனிப் பேச்சு. இவ்வளவு பெரிய ஆற்றுக்குச் சில்லறை நீர் எதற்கு என்று அவையில் கேட்டார். ஓடைகளை மண்கரை போட்டு அடைக்கும் சட்டம் பிறந்தது.

மலையூர்களின் சார்பில் வேலம்மை அவையில் இருந்தாள். நீர்த்துறை அமைச்சர் பதவி அவளுக்குத்தான் என்று முதல் நாளே சொல்லியனுப்பியிருந்தார்கள். சட்டத்துக்கு ஆதரவாக அவள் கை தூக்கினாள். தன் ஊரின் நாணலோடையை அடைக்கும் ஆணையில் தானே முத்திரையும் வைத்தாள்.

அடுத்த கோடையில் ஆறு மெலிந்தது. மீன்கள் செத்து மிதந்தன. அவை கூடி ஆராய்ந்தது.

"ஆறு குறையவில்லை. கரைகள்தாம் வரம்பு மீறி விலகிவிட்டன" என்றார் தலைமை அமைச்சர்.

கரைகளை உள்ளே தள்ளிக் கட்டினார்கள். ஆறு நிறைந்தாற்போல் தெரிந்தது. தேங்கிய நீர் நாறியதும், ஆற்றங்கரையில் மூக்கைப் பொத்துவது நாட்டை நிந்திப்பதாகும் என்று ஆணை வந்தது.

கீழூர்களில் பிள்ளைகள் நோயில் விழுந்தார்கள். வேலம்மை பார்க்கப் போனாள். துவண்ட பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்காமலே ஒரு தாய் அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அது அந்த ஆற்று நீர்தான். வேலம்மையால் விழுங்க முடியவில்லை. தலைநகருக்குத் திரும்பாமல் மலையேறினாள்.

ஊர் எல்லையிலேயே அண்ணன் மனைவி மாராயி அவளை நிறுத்தினாள்.

"கை தூக்குறப்ப எங்கள ஒரு வார்த்த கேட்டியா?"

"கேக்கல அண்ணி. பதவி கண்ண மறைச்சிருச்சு."

மாராயி ஊருக்குள் போய் மண்வெட்டியை எடுத்துவந்து நீட்டினாள். ஓடையை அடைத்த மண்கரையை வேலம்மை வெட்டத் தொடங்க, ஊரும் பின்னால் வந்து சேர்ந்தது.

நாணலோடையில் வந்தது கணுக்கால் அளவு நீர்தான். ஆனாலும் அது சேர்ந்த இடத்தில் ஆறு தெளிந்தது. மீன்குஞ்சுகள் அங்கே ஒதுங்கின. கீழூர்ப் பெண்கள் குடங்களோடு அங்கே நடந்தார்கள். மன்னர் அதைத் தம் ஆட்சியின் சாதனை என்று முரசறைவித்தார். ஆற்றில் அனுமதியின்றி நீர் சேர்த்ததற்காக வேலம்மையைச் சிறையிலிட்டார். அந்தத் தெளிந்த நீரைக் காட்டியே அடுத்த தேர்தலிலும் வென்றார்.

புதிய அவை முதல் வேலையாக ஊர்மன்றங்கள் அனைத்தையும் கலைத்தது. நாட்டுக்குத் தலைநகர அவை ஒன்றே போதுமாம். எதிர்க்க வேண்டியவள் சிறையில் இருந்ததால் சட்டம் ஒருமனதாக நிறைவேறியது.

சோறு கொண்டுவந்த காவலன்தான் அவளுக்கு இதைச் சொன்னான். அவன் வேறொரு மலையூர்க்காரன்; அவர்கள் ஓடையும் அடைபட்டுத்தான் கிடந்தது. தட்டை உள்ளே தள்ளிய பிறகும் அவன் போகவில்லை. இருபுறமும் பார்த்துவிட்டுக் கம்பியருகே குனிந்தான்.

"அக்கா, கரைய எந்தப் பக்கத்துலேர்ந்து வெட்ட ஆரம்பிச்சீங்க?"