ஏழாவது ஆட்டத்துக்கு நான் வருவது பற்றி

குவோபியோ,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பி இலாரிக்கு,

மெர்வி அக்கா எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. உன் விஷயத்தில் அதைப் பகுதி பகுதியாகக் கேட்க வேண்டியிருக்கிறது. முழங்கால் நலமா? தோள்பட்டை நலமா? செவ்வாய்க்கிழமை வரை முன்வரிசையில் இருந்த பல் கிடைத்ததா? இங்கே அம்மா நலம், ஹன்னு நலம், நானும் நலம். எங்கள் பற்கள் எங்களிடமே இருக்கின்றன.

இறுதிச் சுற்று முடியும்வரை உங்கள் பயிற்சியாளர் எல்லார் போனையும் வாங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டாராம். அதனால்தான் கடிதம். நீ பஸ் பார்சலில் அனுப்பிய டிக்கெட் நேற்று வந்து சேர்ந்தது, கூடவே இருந்த துண்டுச்சீட்டும். "அக்கா, மூணுக்கு மூணு ஆயிடுச்சு. சனிக்கிழமை ஏழாவது ஆட்டம். எனக்கும் அதான் கடைசி. ஒரு தடவை நேர்ல வந்து பாரு." நீ வழக்கமாக எழுதுவதைவிட இது மிக நீளம். விஷயம் கனமானது என்று புரிந்துகொண்டேன்.

நீ கேட்டதில் நியாயம் இருக்கிறது. பதினெட்டு வருஷமாக ஐஸ் ஹாக்கி ஆடிச் சம்பாதிக்கிறாய், உன் ஆட்டத்துக்கு நான் நேரில் வந்தது ஒரே முறை, ஸ்வீடனில். அன்று ஆட்டம் முழுக்க நீ பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். நன்றாக உட்கார்ந்திருந்தான் என்று அம்மாவிடம் வந்து சொன்னேன். பிறகு அமெரிக்காவில் ஏதோ ஒரு ஊருக்குப் போனாய், நான் விமான டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த அணியை இழுத்து மூடிவிட்டார்கள். ஸ்லோவாக்கியாவுக்குப் போனாய், நான் வருகிறேன் என்று சொன்ன வாரம் கணுக்கால் முறிந்தது. பல்கலைக்கழகத்தில் என்னோடு வேலை செய்பவர்கள் உன் தம்பி எத்தனை கோல் போட்டான் என்று கேட்பார்கள். அவன் கோல் போடுகிறவன் இல்லை, எதிரணி அடிக்கும் வட்டுக்குக் குறுக்கே போய் விழுகிறவன், அதற்குத்தான் சம்பளம் என்று விளக்குவேன். உடனே வேறு ஏதாவது பேசுவார்கள். இத்தனை விழுந்தும் இரண்டு வெள்ளிப் பதக்கம்தான் மிச்சம். அவை அம்மாவின் மேசை இழுப்பறையில் கரண்டிகளோடு கிடக்கின்றன. தங்கம் வந்தால் சுவரில் மாட்டலாம் என்று ஆணி மட்டும் அடித்து வைத்திருக்கிறாள். அந்த ஆணியில் இப்போது காலண்டர் தொங்குகிறது.

இந்த வருஷம் நீ ஆடிய ஆட்டம் ஒன்றைத் தவிர வேறு எதையும் நான் டி.வி.யில்கூட முழுதாகப் பார்க்கவில்லை. ஏன் என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அதனால் நானே சொல்கிறேன். மார்ச் மாதம் கோப்பைக்கான சுற்றுகள் தொடங்கிய முதல் ஆட்டத்தன்று, சனிக்கிழமை நீராவிக் குளியல் உண்டே என்று அம்மா வீட்டு முற்றத்துச் சவுனாவில் கல் சூடாக அடுப்பு மூட்டியிருந்தோம். நீங்கள் இரண்டு கோல் பின்தங்கியிருந்தீர்கள். எனக்கு அலுப்பாக இருந்தது, விறகு போட எழுந்து போனேன். திரும்பி வந்தால் சமநிலை. நான் நாற்காலியில் உட்கார்ந்த உடனே எதிரணி ஒரு கோல் போட்டது. அம்மா டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல், "மெர்வி, விறகு போதுமான்னு இன்னொரு வாட்டி பாத்துட்டு வா" என்றாள். போனேன், நீங்கள் ஜெயித்தீர்கள். அன்றிலிருந்து உன் ஆட்டம் நடக்கும்போதெல்லாம் என் இடம் சவுனாதான். நான் மண்ணியல் படித்தவள். இரண்டு விஷயங்கள் சேர்ந்து நடப்பது வேறு, ஒன்று இன்னொன்றுக்குக் காரணமாவது வேறு என்று வருஷா வருஷம் வகுப்பில் சொல்கிறவள். இதை அம்மாவிடமும் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கம்பளித் தொப்பியை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

சும்மா போய் உட்கார்ந்தால் போதாது, அடுப்பு எரிய வேண்டும். ஒருநாள் மூட்டாமல் உட்கார்ந்தேன், தோற்றீர்கள். எனக்கு ஸ்கோர் தெரியக் கூடாது. ஒருமுறை ஹன்னு கதவைத் திறந்து, முன்னால இருக்கோம் என்று சொல்லிவிட்டுப் போனார், அடுத்த நிமிஷம் முன்னால் இல்லை. என் கணவர் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லித்தருகிறவர் என்பதை மறந்துவிடாதே. ஆட்டம் முடிந்து ஜெயித்திருந்தால் சமையலறை விளக்கை ஒருமுறை அணைத்துப் போடுவார். நான் துண்டால் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். பரீட்சைத் தாள்களையும் அங்கேதான் திருத்துகிறேன். சதுப்புநில மண்ணைப் பற்றித் தான் எழுதிய தாளில் ஏன் புகையில் வாட்டிய சாசேஜ் வாசனை வருகிறது என்று ஒரு மாணவன் மிக மரியாதையாகக் கேட்டான்.

பிறகு பக்கத்து வீட்டு வெய்க்கோ. ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர், உனக்குத் தெரியும். யார் வீட்டுப் பனியை யார் பக்கம் வாரித் தள்ளினார்கள் என்ற தகராறில் அம்மாவோடு பேச்சை நிறுத்தி எத்தனையோ குளிர்காலம் ஆகிவிட்டது. போன வாரம் காலையில் சறுக்குவண்டி நிறைய பிர்ச் விறகை இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். "நேத்து மூணாவது பகுதியில உங்க புகை மெலிஞ்சு போச்சு. நான் ஒரு கண்ணு டி.வி.யில, ஒரு கண்ணு உங்க புகைபோக்கியிலன்னு உக்காந்திருந்தேன். இப்படியா விடுவீங்க?" அம்மா அவருக்குக் காபி ஊற்றினாள்.

இது எல்லை மீறிப் போகிறது என்று பட்டதால் செவ்வாய்க்கிழமை, ஆறாவது ஆட்டத்துக்கு, நான் வீட்டுக்குள் டி.வி. முன்னால்தான் உட்காருவேன், சோதித்துப் பார்த்துவிடலாம் என்றேன். உட்கார்ந்தேன். முதல் பகுதியிலேயே வட்டு உன் வாயில் பட்டது. நீ வாயைப் பொத்திக்கொண்டு போனாய், பின்னாலேயே ஒருவர் ஐஸில் குனிந்து எதையோ தேடினார். அப்புறம் கோல் மேல் கோல். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. நம் வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். அம்மா ஏற்கெனவே துடைத்த மேசையை மறுபடி துடைத்தாள். ஹன்னு என் முகத்தைப் பார்க்காமலே, "ஒரே ஒரு சோதனைய வச்சு எதையும் சொல்லிட முடியாது, மெர்வி" என்றார்.

அதைத்தான் நானும் சொல்கிறேன். குவோபியோவில் ஒருத்தி எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்பது தெற்கே ஓர் அரங்கத்தில் ஓடும் ரப்பர் வட்டுக்குத் தெரியாது. ஆகவே நாளை நான் வருகிறேன். காலை ரயிலுக்குச் சீட்டு வாங்கியாகிவிட்டது. சாம்பல் நிறக் கோட்டு போட்டிருப்பேன். கத்த மாட்டேன், கொடி ஆட்ட மாட்டேன், நீ விழும்போது எழுந்து நிற்பேன். என்னிடம் அவ்வளவுதான் எதிர்பார்க்கலாம். பதினெட்டு வருஷத்தில் நீ என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். அதையும் ஒரு விறகடுப்புக்காக மறுத்தால் நான் படித்த படிப்புக்கு அர்த்தமில்லை. இந்தக் கடிதத்தை அரங்க வாசலில் கொடுத்து உனக்குச் சேர்க்கச் சொல்கிறேன், ஆட்டத்துக்கு முன் படித்துவிடு.

அம்மாவின் ஆசிகள், ஹன்னுவின் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதி முடிப்பது வழக்கம். அதை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து செய்தால் போதும்.

இப்படிக்கு,
உன் அக்கா
மெர்வி

பின்குறிப்பு (சனிக்கிழமை காலை): இந்தக் கடிதம் வெய்க்கோவின் கையில் வருகிறது. அடுத்த ரயிலில் வந்து என் சீட்டில் உட்காரப்போவதும் அவர்தான். மீன் வைத்துச் சுட்ட ரொட்டி கொண்டுவருகிறார், ஆட்டம் முடிந்ததும் சாப்பிடு, பல் இருக்கும் பக்கமாக. அம்மா தடுத்தாள் என்று நினைத்துவிடாதே. காலையில் என் கோட்டை அவளே இஸ்திரி போட்டு எடுத்துவந்தாள். "அதெல்லாம் சும்மா பொழுது போகச் செஞ்சது, மெர்வி. பிள்ளை கூப்பிட்டிருக்கான். நீ போ." கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் வரைக்கும் போனேன். பெட்டியில் ஏறி உட்கார்ந்தும் விட்டேன். அப்புறம் ஐஸில் குனிந்து தேடின அந்த ஆள் ஞாபகம் வந்தது, இறங்கிட்டேன். மேலே எழுதினது அத்தனையும் சரிதான், ஒரு வரியைக்கூட அடிக்க மாட்டேன். ஆனா அது சரியா இருக்கட்டும், நான் இங்க இருந்துக்கறேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கே அடுப்பு மூட்டிடுவேன். நீ விழும்போது இங்கயும் ஒருத்தி எழுந்து நிப்பா, எப்ப விழறேன்னு தெரியாததால முழு ஆட்டமும் நின்னுதான் ஆகணும். முடிஞ்சதும் போனைத் தேடி என்னைக் கூப்பிடாதே, சமையலறை விளக்கைப் பார்த்துத் தெரிஞ்சுக்கறேன். எதுவானாலும் வீட்டுக்கு வா, சவுனாக் கல்லு சூடா இருக்கும்.