ஒலி வகுப்பில் என் இடது காது

பாட ஒருங்கிணைப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருக்க விரும்பி, முப்பத்தோரு ஆண்டு தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவளும், தற்போது தங்கள் பல்கலைக்கழகத்தின் இரண்டாமாண்டு மாணவியுமான அறுபத்திரண்டு வயதுக்காரி எழுதிக்கொள்வது. 'ஒலியும் உலகும்' பாடம் முடிந்து நான்கு மாதம் கழித்துக் கருத்துப் படிவம் அனுப்பியிருக்கிறீர்கள். அதில் கருத்து எழுத இரண்டே வரி. எனக்குத் தொண்டையைச் செருமவே இரண்டு வரி ஆகும் என்பதால் தனித்தாளில் எழுதுகிறேன்.

ஒரு பாடத்துக்கு மூன்று ஆசிரியர்கள் எதற்கு ஐயா? முதல் நாளே இயற்பியல்காரர், "சத்தம்னா காத்தோட நடுக்கம், அவ்வளவுதான்" என்றார். இசை ஆசிரியை, "அப்போ என் பாட்டு?" என்று கேட்க, இவர் சும்மா இருக்கக் கூடாதா, "சில நாள் அதுவும் நடுக்கம்தான்" என்றுவிட்டார். இரண்டு வாரம் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நடுவில் மாட்டிக்கொண்ட காது மருத்துவர் பாவம். கடைசியில் இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே நான்தான் சேதி சொன்னேன். பழகின வேலைதானே.

பிறகு குழு வேலை என்று, என்னையும் நர்ஸ் படிப்புப் பெண் ஒருத்தியையும், எந்தப் பேச்சையும் "ஒரு நிமிஷம்" என்று நிறுத்துவதால் 'வேகத்தடை' என்று பெயர் வாங்கிய இயற்பியல் மாணவனையும் சேர்த்து நூலகத்தில் இரைச்சலை அளக்க அனுப்பினீர்கள். மூன்று நாள் கருவியோடு காத்துக்கிடந்து வரைபடம் போட்டுப் பார்த்தால், ஒரே ஒரு கோடு மட்டும் வானத்துக்கு எகிறியிருக்கிறது. யார் அந்த அநாகரிகப் பிறவி என்று நான் கொதிக்க, வேகத்தடை தயங்கித் தயங்கி, "ஒரு நிமிஷம்மா... அது நீங்க 'சத்தம் போடாதீங்க'ன்னு சொன்னது" என்றான்.

இதையாவது பொறுத்துக்கொண்டேன். செவித்திறன் சோதனைக்கு யாராவது வாருங்கள் என்று காது மருத்துவர் கூப்பிட்டபோது, காதால் பிழைத்தவள் என்ற திமிரில் முன்னால் போய் உட்கார்ந்தேன். பெரிய திரையில் வலது காதின் கோடு நேராகப் போனது. இடது காதின் கோடு படியில் உருண்டு விழுந்த மாதிரி கீழே போய்விட்டது. நாற்பது பேர் பார்த்தார்கள். மருத்துவர் மெதுவாக, "ஹெட்போன் இந்தப் பக்கம்தான் மாட்டுவீங்களாம்மா?" என்று கேட்டார். தலையாட்டிவிட்டு எழுந்து வந்தவள், அடுத்த வாரம் வகுப்புக்கே போகவில்லை. நர்ஸ் பெண் போன் செய்து, "நீங்க இல்லாம அறிக்கை நொண்டுதும்மா, வந்துடுங்க" என்றாள். போனேன். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் பேச வந்தவர்கள் எல்லாம் சுற்றிக்கொண்டு வந்து என் வலது பக்கம் உட்கார்ந்தார்கள். வேகத்தடைகூட!

கடைசி வகுப்பில், மறைந்துபோன ஒரு சத்தத்தை ஆளுக்கொன்று கொண்டுவரச் சொன்னார் இசை ஆசிரியை. நான் வெறுங்கையோடு எழுந்து நின்று, கையால் இணைப்புக் கொடுக்கும் பலகையை எடுத்துவிட்டு என்னை வேறு பிரிவுக்கு மாற்றியதிலிருந்து பத்தொன்பது வருடமாக எடுக்காத குரலில், "வணக்கம், எந்த எண் வேண்டும்?" என்றேன். வேகத்தடை உள்ளங்கையைக் காதில் வைத்து ஏதோ ஐந்து இலக்கம் சொன்னான். அவன் அப்பா உயிரோடு இருந்த காலத்து வீட்டு எண்ணாம். "இணைப்புத் தருகிறேன், பேசுங்கள்" என்றேன். பையன் காதிலிருந்து கையை எடுக்கவே இல்லை. இயற்பியல்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பாடம் என்றால் தேர்வோடு மறந்து தொலைய வேண்டும். எனக்கோ செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணியானால் இன்றும் கை தானாகப் பையைத் தேடுகிறது. வீடு 'வெறிச்'சென்று கிடக்கிறது. மனிதரை இப்படிக் கெடுக்கும் பாடத்தை உடனே நிறுத்திவிடும்படி மிகவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் பிள்ளைகள் நன்றாகப் படித்து, நல்ல காதோடு நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
வலது பக்க மாணவி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது நர்ஸ் பெண் கூப்பிட்டாள். மாணவர்கள் குறை சொன்னால் இந்தப் பாடத்தை நிஜமாகவே நிறுத்திவிடுவீர்களாமே! ஐயா, மேலே இருப்பதெல்லாம் கோபத்தில் எழுதியது, கிழித்துப் போடுங்கள். படிவத்தில் பத்துக்குப் பத்து போட்டிருக்கிறேன். குறை ஏதாவது இருந்தே ஆக வேண்டுமென்றால், ஒரு பருவம் போதவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.