திரையில் உடையாத பல்

கம்ப்யூட்டர் வந்த கையோடு பினாங்கில் ஒரு புதிய மனித இனமும் வந்துவிட்டது. திரைநம்பி என்று அதற்கு நானே பெயர் வைத்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். தொப்பலாக நனைந்து வந்து, "இன்னிக்கு மழை இல்லன்னு டிவியில காட்டினாங்களே" என்று வானத்தைக் கோபித்துக்கொள்வார்.

இந்த இனத்தின் திலகம் எங்கள் ஸ்ரீஸ்கந்தராஜா. பொறியியல் விரிவுரையாளர். விழுந்த பல்லின் இடத்தில், இருபக்கப் பற்களைப் பிடித்தபடி நிற்குமே பிளாஸ்டிக் பாலம், அதைத் திரையில் வரைந்து, பொடிப்பொடி முக்கோணங்களாக நறுக்கி, மேலிருந்து பாரம் ஏற்றி, நீலமானால் பத்திரம், சிவப்பானால் ஆபத்து என்று கணக்குப் போட்டு, வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணீருக்கு முன்னால் அந்தப் படத்தை நீட்டுவார். மென்று பார்த்தாரா? அது எதற்கு?

அவருடைய மனைவியின் அண்ணன் விநாசித்தம்பிக்கு அப்படியொரு பாலம் வாய்த்தது. "இது தற்காலிகம்தான், சீக்கிரம் வந்து உலோகத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்" என்றார் பல் டாக்டர் சலேஹா. நம் விரிவுரையாளர் விடவில்லை.

"தம்பி, கடிச்சா ஆடுதுப்பா. அருந்ததிக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போறோம். மாத்திடலாம்லா."

"ஆடாது மச்சான். இங்க பாருங்க, முழுக்க நீலம்."

மச்சானின் வாயை அவர் பார்க்கவில்லை.

ஒற்றை மகள் அருந்ததியின் சம்பந்தம். கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் மாப்பிள்ளை வீடு. மாப்பிள்ளையின் அம்மா செல்வநாயகி தன் கையால் பிடித்த எள்ளுருண்டையைத் தட்டோடு நீட்டினார். அந்தத் தட்டை மறுத்தால் சம்பந்தத்தையே மறுத்த மாதிரி. விநாசித்தம்பி வாங்கி, நம் எல்லோரையும் போலத் தலையைச் சாய்த்து, பக்கவாட்டில் கடித்து இழுத்தார். திரையில் பாரம் நேராக அல்லவா இறங்கியது? டக் என்றது.

பாவம், மனிதர் வாயைப் பொத்திக்கொண்டார். கல்யாணத் தேதியைக் கேட்டார்கள். அவர் கண்ணில் தண்ணீர்தான் வந்தது. செல்வநாயகியின் முகம் சுருங்கியது.

"இஷ்டமில்லைன்னா வாயைத் திறந்து சொல்லிடுங்க அண்ணே."

வேறு வழியில்லாமல் திறந்தார். பாலம் இரண்டு துண்டாகக் கையில் விழுந்தது. அதைப் பார்த்துச் செல்வநாயகி சிரித்துவிட்டார், சம்பந்தம் பிழைத்தது.

கூடவே வந்திருந்த ஸ்ரீஸ்கந்தராஜா துண்டுகளைப் பொறுக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீங்க கடிச்சதுதான் தப்பு மச்சான். நேரா கடிச்சிருக்கணும்."

"மாமா," என்றாள் அருந்ததி, "அப்பாவுக்கு ரத்தம் வருது."

நான் அப்படியெல்லாம் இல்லை என்கிறீர்களா? நல்லது. போன வாரம் உங்கள் வீட்டில் ஒருவர் உடம்பு கொதிக்கிறது என்று வந்து நின்றபோது, அவர் நெற்றியில் கை வைத்தீர்களா, தெர்மாமீட்டரைத் தேடிப் போனீர்களா?