ஹம்ஸியாவின் தொண்டையும் ஹாலிஎலக் கஷாயமும்

பதுளை
11.06.1973

கண்ணியமுள்ள மச்சான் புஹாரி அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு எல்லோரும் சுகம், அதுதான் பிரச்சினை.

உங்கள் மகன் ஷுக்ரிக்கு என் மகள் ஹம்ஸியாவைப் பேசி முடித்த அன்றைக்கே அவளுக்குக் குரல் போய்விட்டது. டாக்டர் டோர்ச் அடித்துப் பார்த்து, தொண்டையில் ஒன்றுமில்லை, மனதில்தான் ஏதோ அடைத்திருக்கிறது என்றார். நான் கவலைப்படவில்லை. நிகாஹுக்குக் கேட்கும்போது கன்னிப்பெண் வாய் திறக்காவிட்டால் அதுவே சம்மதம் என்பது நம் வழக்கம். இவளைவிட மௌனமான பெண் ஊவா மாகாணத்தில் கிடைப்பாளா? உங்கள் வீட்டில்தான் ஊமை மருமகளா என்று முகம் சுளித்து, ஹாலிஎல ஊரிலுள்ள சிங்கள வைத்தியரிடம் காட்டச் சொன்னீர்கள். சீனியர் வகுப்பு வரை இங்கிலீஷில் படித்தவன் நான். வேரையும் பட்டையையும் நம்புகிறவன் அல்லன். ஆனாலும் போனேன். என் கல்யாணத்தன்று மாப்பிள்ளையான என்னை உருளைக்கிழங்கு லொறியில் ஏற்றி வந்த உங்கள் குடும்பத்தின் பேச்சைக்கூட நான் தட்டவில்லை.

அந்த மனிதர் நாடி பார்த்து, ஆடாதோடை, அதிமதுரம், சுக்கு போட்டு எட்டுக்கு ஒன்றாகச் சுண்டவைக்கும் கஷாயம் சொன்னார். பத்தியம்: புளி, தயிர், கல்யாணப் பேச்சு. முதல் இரண்டும் அவளுக்கு, மூன்றாவது எனக்காம். பிள்ளைக்கு வருத்தம், வாப்பாவுக்குப் பத்தியம். நானும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். கஷாயம் பலித்துவிட்டது. நேற்று சோற்றுக்கு உட்கார்ந்தபோது மணி மாதிரிப் பேசினாள்:

"எனக்கு ஷுக்ரிய வாணாம், வாப்பா."

இத்தனை வேரையும் காய்ச்சிக் குடிச்சுட்டு வந்த முதல் வார்த்தை இது. உங்கட தங்கச்சி ஸுலைஹா சந்தோஷத்துல அழுறா. என் மானத்தைப் பத்தி யாரும் கேட்கல்ல. நீங்க காட்டின வைத்தியர், நீங்கதான் பொறுப்பு. மிச்சக் கஷாயத்தை வாழையடியில ஊத்திட்டேன். பத்தியத்தையும் முறிச்சு, விடிஞ்சதிலயிருந்து அவ முன்னால கல்யாணத்தைப் பத்தியே பேசிக்கிட்டு இருக்கேன். வெள்ளிக்கிழமைக்குள்ள தொண்டை திரும்ப அடைச்சிரும். நிகாஹ் முடிச்சு வைக்க லெப்பையையும் ஷுக்ரியையும் கூட்டிக்கிட்டு வாங்க, சத்தமில்லாம முடிச்சிருவோம்.

உங்கள் வீட்டார் அனைவருக்கும் என் ஸலாம். பிள்ளைகளின் வாழ்வில் அல்லாஹ் பரக்கத்தைச் சொரிவானாக.

இப்படிக்கு,
மச்சான் லத்தீப்

பி.கு.: உறையை ஒட்டுமுன் தொண்டை அடைத்துவிட்டது. அவளுக்கல்ல, எனக்கு. மூச்சு வருகிறது, பேச்சு வரவில்லை. ஸுலைஹா என் முன்னால் வந்து நின்று, "புள்ளைக்கு வாணாம்னா விட்டுருவோம், சம்மதந்தானே?" என்று கேட்டாள். வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. கொஞ்ச நேரம் மரியாதையாகக் காத்திருந்துவிட்டு, உங்களுக்குத் தந்தி அடிக்கப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை வரவேண்டாம். வந்தாலும் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.